புகையிலிருந்து பிடித்ததை எங்கே வைப்பது?

கேட்டவர் மூன்று கேள்விகளை ஒன்றாகப் போட்டிருக்கிறார். நிலக்கரி மின்நிலையத்தில் புகையைச் சுத்தம் செய்யும் கருவிகள் பிடிக்கிற சாம்பல், ஜிப்சம், கழிவுநீர் எல்லாம் எங்கே போகின்றன? அவற்றை கான்கிரீட்டிலும் சுவருக்கும் உட்கூரைக்கும் வைக்கும் ஜிப்சம் பலகையிலும் சேர்ப்பது பாதுகாப்பா? பழைய சாம்பல் குட்டைகளை என்ன செய்வது? மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே சந்தேகம்தான்: காற்றில் போக வேண்டியதை மண்ணுக்கும் தண்ணீருக்கும் தள்ளிவிட்டு, சுத்தம் செய்துவிட்டதாகச் சொல்கிறார்களா? சாம்பல் கையாளும் பிரிவிலும், பிறகு மின்நிலைய ஆய்வகத்திலும் பல வருடம் வேலை பார்த்தவன் நான். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

சந்தேகம் பெருமளவு நியாயமானது. ஆர்சனிக், பாதரசம், செலினியம் எல்லாம் தனிமங்கள். எந்தக் கருவியாலும் அவற்றை அழிக்க முடியாது, இடம் மாற்றத்தான் முடியும். கந்தகமும் அப்படியே, டை ஆக்சைடாகப் போக வேண்டியது ஜிப்சமாக உட்கார்கிறது. உண்மையிலேயே காணாமல் போவது நைட்ரஜன் ஆக்சைடு மட்டும். வினையூக்கியின் மேல் அம்மோனியாவுடன் சேர்ந்து அது நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாறிவிடுகிறது. ஆனால் காற்றில் பரவிவிட்டதைத் திரும்பப் பிடிக்க முடியாது, ஓரிடத்தில் திடப்பொருளாக இருப்பதைக் காவல் காக்கலாம். அந்தக் காவலை ஒழுங்காகச் செய்கிறார்களா என்பதுதான் விஷயம். என் அனுபவத்தில் அதில் பாதி வேலை, ஒன்றோடொன்று கலக்காமல் பார்த்துக்கொள்வதிலேயே இருக்கிறது. ஏன் என்று கீழே வருகிறேன்.

முதலில் அளவு. 10 லட்சம் டன் நிலக்கரி எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கரியில் சாம்பல் 10 சதவீதம் இருக்கும், மட்டமான கரியில் 40 சதவீதத்தைத் தொடும். ஆக, சாம்பல் மட்டும் 1 லட்சம் முதல் 4 லட்சம் டன் வரை. கந்தகம் 1 சதவீதம் என்றால் 10,000 டன். எரியும்போது ஆக்சிஜன் சேர்ந்து அது சுமார் 20,000 டன் கந்தக டை ஆக்சைடு ஆகிறது (சாம்பலிலேயே தங்கிவிடும் சிறு பங்கை விட்டுவிடுகிறேன்). அதில் 95 சதவீதத்தைச் சுண்ணாம்புக்கல் கரைசலால் பிடித்தால் ஏறக்குறைய 51,000 டன் ஜிப்சம் வரும். அதற்குச் சுமார் 30,000 டன் சுண்ணாம்புக்கல் வேண்டும், கூடவே 13,000 டன் கார்பன் டை ஆக்சைடு புதிதாக வெளியேறும். இவை வேதிச் சமன்பாட்டிலிருந்து நேராக வரும் கணக்கு, நீங்களே போட்டுப் பார்க்கலாம். எடையில் சாம்பல்தான் பெரியண்ணன். ஆனால் தொல்லையில் பெரியது வேறு.

சாம்பலில் ஐந்தில் ஒரு பங்கு கொதிகலனின் அடியில் விழும் அடிச்சாம்பல். மணல் மாதிரி, கரடுமுரடாக இருக்கும். அதில் பெரிய சிக்கல் இல்லை. மீதி, ஃப்ளை ஆஷ் என்று எல்லோரும் சொல்கிற மாவுச் சாம்பல், புகையோடு பறந்து ஈ.எஸ்.பி.யிலோ (துகள்களுக்கு மின்னேற்றித் தகடுகளில் ஒட்டவைக்கும் கருவி) துணிப்பை வடிகட்டியிலோ சிக்குகிறது. ஈ.எஸ்.பி.யில் வரிசையாகப் பல பகுதிகள் இருக்கும். முதல் பகுதியிலேயே பெரும்பங்கு விழுந்துவிடும், கொஞ்சம் பருமனான துகள்கள். கடைசிப் பகுதிக்குப் போகப் போக அளவு குறையும், துகள் நுணுகும், நச்சுத் தனிமங்களின் செறிவு ஏறும். உலைச் சூட்டில் ஆவியான ஆர்சனிக்கும் செலினியமும் புகை ஆறும்போது துகள்களின் மேல் படிகின்றன. நுண்துகள்களுக்கு எடைக்கு மேற்பரப்பு அதிகம், அதனால் அவற்றில் அதிகம் படியும். ஒரே ஈ.எஸ்.பி.யிலேயே இரண்டு விதமான சாம்பல் கிடைக்கிறது என்று அர்த்தம். ஆனால் ஒவ்வொரு பகுதியின் அடியிலும் சாம்பல் விழும் கூம்புத்தொட்டியான ஹாப்பர்கள் எல்லாவற்றிலிருந்தும் ஒரே சைலோவுக்கு (சேமிப்புக் கோபுரம்) ஊதிவிடுவதுதான் வழக்கம். தனித்தனிக் குழாய் போடச் செலவு என்பார்கள்.

ஃப்ளை ஆஷை கான்கிரீட்டில் சேர்ப்பது புது விஷயம் இல்லை. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் 1953-இல் முடிந்த ஹங்ரி ஹார்ஸ் அணையிலேயே பெரிய அளவில் கலந்தார்கள். சாம்பலில் உள்ள கண்ணாடித்தன்மையுள்ள சிலிக்கா, சிமென்ட் நீரேறும்போது வெளிவரும் சுண்ணாம்போடு சேர்ந்து கூடுதல் பிணைப்பைத் தருகிறது. கான்கிரீட் மெதுவாக இறுகும், சூடும் குறையும், பிற்பாடு வலு கூடும். ஆனால் எந்தச் சாம்பலும் சரிப்படாது. எரியாத கரி அதிகம் இருந்தால் ஆகாது. உறைபனி நாடுகளில் கான்கிரீட்டுக்குள் நுண்குமிழிகள் உண்டாக்க ஒரு சோப்பு மாதிரி மருந்து சேர்ப்பார்கள். கரி அதை உறிஞ்சிவிடும். அமெரிக்கத் தரநிலை எரியிழப்புக்கு (சாம்பலைச் சூடாக்கும்போது குறையும் எடை, எரியாத கரியின் அளவுகோல்) 6 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கிறது, ஐரோப்பியத் தரநிலை 5, 7, 9 என்று மூன்று தரம் பிரிக்கிறது. ஆய்வகத்தில் இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. ஒரு சிறிய ஜாடியில் சாம்பல், சிமென்ட், தண்ணீர் போட்டு, அந்த மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்குவோம். நுரை உடையாமல் மேலே முழுதாக மூடி நிற்கும்வரை எத்தனை சொட்டு போனது என்று எண்ணுவோம். எரியிழப்பு ஒரே எண்ணாக இருக்கும் இரண்டு சாம்பல்களில், ஒன்று சில சொட்டுகளில் அடங்கும், மற்றது குடித்துக்கொண்டே இருக்கும். கரியின் அளவை விட அதன் வகை முக்கியம் என்பது அந்த ஜாடியில் கண்ணெதிரே தெரியும்.

இப்போது கலப்புக்கு வருகிறேன். காற்றைச் சுத்தமாக்க ஒவ்வொரு கருவி சேர்க்கும்போதும், முன்பிருந்த கருவியின் விளைபொருள் கெடுகிறது. நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க உலைத் தழலின் சூட்டையும் காற்றையும் குறைத்தால், எரியாத கரி சாம்பலில் ஏறுகிறது. வினையூக்கிக்கு ஊட்டும் அம்மோனியாவில் நழுவுவது சாம்பலில் உப்பாகப் படிகிறது. அந்தச் சாம்பலை சிமென்டோடு நனைத்ததும் காரத்தில் அம்மோனியா வாயுவாக எழும், மூடிய அறையில் கான்கிரீட் போடுகிறவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடுவார். பாதரசத்தைப் பிடிக்க ஈ.எஸ்.பி.க்கு முன்னால் தூள்கரியை (ஆக்டிவேட்டட் கார்பன்) ஊதினால், அது முழுக்க ஃப்ளை ஆஷிலேயே சேரும். கொஞ்சம் சேர்ந்தாலே அந்த நுரைச் சோதனை தோற்றுப்போகும், ஏனென்றால் உறிஞ்சுவதற்கென்றே செய்த கரி அது. கந்தக டிரை ஆக்சைடைப் பிடிக்க சோடியம் கார்பனேட் வகைத் தூளை ஊதினால் சாம்பலின் பி.எச். ஏறி, அதுவரை ஒட்டிக்கொண்டிருந்த ஆர்சனிக்கும் செலினியமும் தண்ணீரில் எளிதாகக் கரையத் தொடங்கும். சுண்ணாம்புத் தூள் ஊதினால் அந்தத் தொல்லை பொதுவாகக் குறைவு.

இவற்றுக்குத் தீர்வு இல்லாமல் இல்லை. முதலில் ஈ.எஸ்.பி.யில் சாம்பலை எடுத்துவிட்டு, அதற்குப் பிறகு தூள்கரியை ஊதி, தனியாக ஒரு பை வடிகட்டியில் பிடிக்கலாம். பாதரசக் கரி ஒரு சிறு பங்காகத் தனியே வரும், விற்கக்கூடிய சாம்பல் தப்பிக்கும். அரை ஈரமுறையில் (சுண்ணாம்புக் குழம்பைப் புகையில் தெளித்து, உலர்ந்த தூளாகப் பிடிப்பது) கந்தகம் நீக்கும் நிலையங்களிலும் இதே கதைதான். சாம்பலை முன்பே எடுக்காவிட்டால், சாம்பலும் கால்சியம் சல்ஃபைட்டும் பிசைந்த ஒரு கலவை வரும். அது கான்கிரீட்டுக்கும் பெரும்பாலும் ஆகாது, பலகைக்கும் ஆகாது, கொட்டத்தான் லாயக்கு. ஒரு கூடுதல் வடிகட்டியின் விலையைப் பார்க்கிறவர்கள், பல ஆண்டுகள் கொட்டுவதற்கான நிலத்தின் விலையை அதே தாளில் எழுதிப் பார்ப்பதில்லை என்பது என் மனக்குறை.

ஜிப்சம் இந்தக் குடும்பத்தில் நல்ல பிள்ளை, ஒழுங்காக வளர்த்தால். புகையைச் சுண்ணாம்புக்கல் கரைசலால் கழுவும் உறிஞ்சு கோபுரத்தின் அடித்தொட்டியில் காற்றை நன்றாக ஊதினால் சல்ஃபைட் முழுக்க சல்ஃபேட்டாக மாறி, பருத்த படிகங்களாக வளரும். ஹைட்ரோசைக்ளோனில் (சுழற்றிப் பருத்த துகளையும் நுண்துகளையும் பிரிக்கும் கூம்பு) கெட்டியாக்கி, வெற்றிடப் பட்டை வடிகட்டியில் கழுவிப் பிழிந்தால் ஈரம் 10 சதவீதத்துக்குள் வந்துவிடும். பலகைத் தொழிற்சாலைகள் பொதுவாக 95 சதவீதத் தூய்மை கேட்கும், குளோரைடு மில்லியனுக்கு 100 பங்கு அளவில் நிற்க வேண்டும் என்பார்கள். குளோரைடு மிஞ்சினால் பலகையின் மேல் காகிதம் ஒட்டாது. காற்று ஊதாமல் விட்டால் வருவது சல்ஃபைட் சேறு. மெல்லிய தகடு தகடான படிகங்கள், நடுவில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விடாது. லாரியில் ஏற்றும்போது கெட்டியாகக் குவிந்திருக்கும், ஓட்டத்தின் அதிர்வில் இளகி, இறக்கும் இடத்தில் கஞ்சியாக ஓடும். அதைக் கொட்டுவதற்கே சாம்பலும் சுண்ணாம்பும் கலந்து இறுக்கியாக வேண்டும். ஜிப்சத்திலும் பாதரசம் கொஞ்சம் இருக்கும், பெரும்பாலும் நுண்துகள்களில். ஹைட்ரோசைக்ளோனின் மேல்வழிவில் அந்த நுண்துகள்களைப் பிரித்துக் கழிவுநீர்ப் பக்கம் அனுப்பினால் ஜிப்சம் சுத்தமாகும். கழிவுநீர் அந்த அளவுக்குக் கனக்கும்.

தொல்லையில் பெரியது என்று சொன்னேனே, அது இந்தக் கழிவுநீர்தான். நிலக்கரியில் உள்ள குளோரின் முழுக்க உறிஞ்சு கோபுரத்தின் சுழல்நீரில் சேர்ந்துகொண்டே போகும். லிட்டருக்கு 10,000, 20,000 மில்லிகிராம் குளோரைடு என்பது சாதாரணம். அதற்கு மேல் போனால் உலோகம் அரிக்கும், அதனால் ஒரு பங்கை எப்போதும் வெளியே எடுத்தாக வேண்டும். அந்தத் தண்ணீரில் பாதரசம், செலினியம், போரான், நைட்ரேட், புரோமைடு எல்லாம் கூடவே வரும். வழக்கமான சுத்திகரிப்பில் சுண்ணாம்பு விட்டு பி.எச். ஏற்றி, இரும்பு உப்பும் பாதரசத்தைப் பிடிக்கும் கரிமச் சல்ஃபைடும் சேர்த்து, படியவிட்டு, சேற்றை அழுத்தி எடுப்பார்கள். உலோகங்கள் நன்றாக விழும். செலினியம் மட்டும் எந்த வடிவில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. செலினைட்டாக இருந்தால் இரும்போடு சேர்ந்து படியும். ஆக்சிஜன் அதிகம் சேர்ந்த செலினேட்டாக இருந்தால் ஒன்றுக்கும் அசையாது. வேடிக்கை என்னவென்றால், ஜிப்சம் நன்றாக வர வேண்டும் என்று காற்றை அதிகம் ஊதும்போது செலினியம் செலினேட் பக்கம்தான் போகிறது. அதைப் பிடிக்க ஆக்சிஜன் இல்லாத தொட்டியில் நுண்ணுயிர்களை வளர்க்க வேண்டும். அவையும் முதலில் நைட்ரேட்டைத் தின்று முடித்துவிட்டுத்தான் செலினேட்டில் வாய் வைக்கும்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், செலினியம் உணவுச் சங்கிலியில் ஏறும் பொருள். அமெரிக்காவில் வட கரோலினாவின் பெலூஸ் ஏரியில் 1970-களில் சாம்பல் குட்டை நீர் கலந்ததில், அங்கிருந்த 20 மீன் இனங்களில் 19 அழிந்தன. பெரிய மீன்கள் உடனே செத்து மிதக்கவில்லை, இனப்பெருக்கம் நின்றுபோனது. தண்ணீரில் செலினியத்தின் அளவு லிட்டருக்குச் சுமார் 10 மைக்ரோகிராம்தான். அதனால் "அனுமதித்த அளவுக்கு நீர்த்துவிட்டோம்" என்ற பதில் இந்தத் தனிமத்துக்கு மட்டும் எனக்கு ஒருபோதும் திருப்தி தராது. புரோமைடு இன்னொரு மாதிரி. பாதரசத்தை எளிதில் பிடிபடும் வடிவுக்கு மாற்ற நிலக்கரியில் புரோமின் உப்பு தெளிப்பார்கள், அது கடைசியில் இந்த நீருக்கு வரும். ஆற்றில் விட்டால், கீழே குடிநீருக்குக் குளோரின் போடும் இடத்தில் புரோமின் கலந்த துணைப்பொருட்களை உண்டாக்கும்.

சொட்டு நீரும் வெளியே விடாமல் ஆவியாக்கிவிடலாமே என்பார்கள். செய்யலாம், செய்கிறார்கள். மிஞ்சுவது கால்சியம் குளோரைடு உப்பு, காற்றின் ஈரத்தையே இழுத்துக் கசியும் ரகம். சோடா உப்பு சேர்த்து சாதாரண உப்பாக மாற்றினால் படிகமாகும், ஆனால் சோடா உப்புச் செலவு தாங்காது. சூடான புகையில் தெளித்து உலர்த்தினால் உப்பு ஃப்ளை ஆஷில் சேரும், கம்பி துருப்பிடிக்கும் என்பதால் அந்தச் சாம்பலை வலுவூட்டிய கான்கிரீட்டுக்கு யாரும் தொடமாட்டார்கள். சாம்பலும் சுண்ணாம்பும் கலந்து பசையாக்கி இறுகவைப்பது இன்னொரு வழி. எப்படியானாலும் இந்த உப்புக்கு மழைநீர் புகாத, அடியில் நெகிழித் தாள் விரித்த ஒரு தனிக் குழி வேண்டும். மற்ற சாம்பலோடு சேர்த்துக் கொட்டக்கூடாது.

கொட்டும் முறைக்கு வந்தால், தண்ணீரில் கரைத்துக் குழாயில் தள்ளிக் குட்டையில் விடுவது பழைய முறை. மலிவு, தூசி இல்லை. ஆனால் சாம்பல் நிரந்தரமாக நீரில் ஊறிக்கிடக்கும், கசியும், கரை உடைந்தால் மொத்தமும் ஓடும். 2008 டிசம்பர் 22 அன்று அமெரிக்காவில் டென்னசியின் கிங்ஸ்டன் மின்நிலையத்தில் அதுதான் நடந்தது. ஏற்கெனவே கொட்டிய ஈரச் சாம்பலின் மேலேயே கரையை உயர்த்திக்கொண்டே போயிருந்தார்கள். சுமார் 41 லட்சம் கன மீட்டர் சாம்பல் வெளியேறி 300 ஏக்கரை மூடியது, துப்புரவுக்கு 100 கோடி டாலருக்கு மேல் ஆனது. 2014 பிப்ரவரியில் வட கரோலினாவின் டேன் ஆற்றில் சுமார் 39,000 டன் சாம்பல் போனபோது கரை உடையவே இல்லை. குட்டைக்கு அடியில் போன ஒரு பழைய மழைநீர்க் குழாய் உள்வாங்கிவிட்டது. கரையை மட்டும் பார்த்துவிட்டுச் சான்றிதழ் கொடுக்கும் ஆய்வாளர்களுக்கு இரண்டாவது சம்பவத்தைத்தான் நான் காட்டுவேன். அடியில் என்ன புதைந்திருக்கிறது என்று பழைய வரைபடங்களைத் தேடுங்கள் என்பேன்.

உலர்வாக எடுத்து, தூசி பறக்காத அளவுக்கு ஈரப்படுத்தி, அடுக்கடுக்காக உருளை ஓட்டி இறுக்குவதே இன்றைக்கு ஒழுங்கான முறை. அமெரிக்கா 2015-இல் கொண்டுவந்த விதி, புதிய இடங்களுக்கு அடியில் நெகிழித் தாளும் அதற்குக் கீழ் 2 அடி இறுக்கிய களிமண்ணும் கேட்கிறது. நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே 5 அடி இடைவெளியும் சுற்றிலும் கண்காணிப்புக் கிணறுகளும் வேண்டும் என்கிறது. எந்த நாட்டில் இருந்தாலும் குறைந்தபட்ச அளவுகோலாக இதை வைத்துப் பார்க்கலாம்.

உறுதியாகத் தெரிந்ததையும் சந்தேகத்துக்குரியதையும் பிரித்துச் சொல்ல வேண்டும் என்றால் அது கசிவுச் சோதனையில்தான். ஒரு சாம்பல் ஆபத்தானதா என்று பார்க்கப் பல இடங்களில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் குலுக்கும் சோதனை செய்கிறார்கள். அது வீட்டுக்குப்பை மேட்டின் அமிலச் சூழலுக்காக வடிவமைத்தது. ஈயம், காட்மியம் போன்றவை அமிலத்தில் கரையும், அவற்றுக்கு அது சரி. ஆர்சனிக், செலினியம், மாலிப்டினம், ஆறு இணைதிறன் குரோமியம் போன்றவை காரச் சூழலிலும் நன்றாகக் கரையக்கூடியவை, அவற்றை அந்தச் சோதனை குறைத்துக் காட்டிவிடும். பி.எச். 2 முதல் 13 வரை மாற்றிப் பார்க்கும் புதிய சோதனைகள் வந்துவிட்டன, அவைதான் நம்பத்தக்கவை. அதன்பிறகும், ஆய்வகத்தில் சில நாட்களில் கிடைக்கும் எண், 50 வருடம் மழையும் வெயிலும் பட்ட மேட்டுக்கு அப்படியே பொருந்தும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. கிணற்று நீர் அளவீடு வருடக்கணக்கில் இருந்தால்தான் பேச முடியும். போரானும் சல்ஃபேட்டும் வேகமாக நகரும், கிணற்றில் அவை ஏறத் தொடங்கினாலே முதல் எச்சரிக்கை.

கான்கிரீட் பாதுகாப்பா என்றால், முழுதாக இருக்கும்வரை என் பதில் ஆம். நீர் எளிதில் ஊடுருவாத அடர்த்தியில் சாம்பல் வேதியாகவே கட்டுண்டு கிடக்கிறது. கதிரியக்கம் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். பெரும்பாலான சாம்பல் சாதாரணப் பாறை, மண் அளவில்தான் இருக்கிறது, விதிவிலக்கான நிலக்கரிகள் உண்டு, சோதித்துக்கொள்ளலாம். இடித்து நொறுக்கிய கான்கிரீட் காற்றோடு வினைபுரிந்து பி.எச். இறங்கும்போது சில தனிமங்களின் கசிவு மாறும், அங்கே நான் அவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். ஜிப்சம் பலகையும் அப்படியே, ஆனால் பச்சை ஜிப்சத்தைச் சூடாக்கும் ஆலையில் பாதரசத்தின் ஒரு பங்கு ஆவியாகும் என்பதை ஆலைக்காரர்கள் கணக்கில் வைக்க வேண்டும். பள்ளம் நிரப்ப, சாலைக்கு மேடு போட, விவசாய நிலத்தில் தூவ என்று கட்டுறாத, அதாவது சிமென்டோடு இறுகாத, சாம்பலைப் பயன்படுத்துவது வேறு விவகாரம். இரண்டையும் "மறுபயன்பாடு" என்ற ஒரே கணக்கில் எழுதி நூறு சதவீதம் காட்டுவது எனக்கு ஒப்பாது. தாள் விரிக்காத பள்ளத்தில் கொட்டினால், பெயர் எதுவானாலும் அது கொட்டுவதுதான்.

கடைசியாகப் பழைய குட்டைகள். மேலே மூடி அப்படியே விடலாம், அல்லது தோண்டி எடுக்கலாம். சாம்பலின் அடிமட்டம் நிலத்தடி நீருக்கு மேலே இருந்தால் மூடி போடுவது பலன் தரும், மழைநீர் இறங்குவது நிற்கும். சாம்பல் நிலத்தடி நீருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் மூடியால் பயன் குறைவு, தண்ணீர் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே தோண்டுவதைத்தான் சொல்வேன். எடுத்த சாம்பலை உலர்த்தி, சலித்து, எரியாத கரியைச் சூட்டில் எரித்துவிட்டால் கான்கிரீட்டுக்கே விற்கலாம். நிலக்கரி நிலையங்கள் மூடப்படும் இடங்களில் புதுச் சாம்பல் கிடைக்காமல் இது ஒரு தொழிலாகவே நடக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் குட்டைதான் எல்லாவற்றுக்கும் குப்பைத்தொட்டி. கொதிகலன் கழுவிய அமில நீர், நிலக்கரி அரைக்கும் ஆலையில் அரைபடாமல் ஒதுக்கிய பைரைட் (இரும்புச் சல்ஃபைடு) கற்கள் எல்லாம் அதற்குள்தான் போயின. பைரைட் காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலத்தை உண்டாக்கும், அதைச் சுற்றியுள்ள சாம்பல் ஒரு மாதிரியும் பத்தடி தள்ளி உள்ளது வேறு மாதிரியும் கசியும். ஆகவே குட்டையின் ஓரத்தில் மண்வெட்டியால் அள்ளிய ஒரு மாதிரியை வைத்து முடிவெடுக்க வேண்டாம். குறுக்கும் நெடுக்குமாகத் துளையிட்டு, மேலிருந்து அடிவரை அடுக்கடுக்காக எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். உங்கள் பகுதி நிலையத்தின் நிலக்கரிப் பகுப்பாய்வும் கிணற்று நீர் அறிக்கைகளும் கிடைத்தால் இங்கேயே போடுங்கள், பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.